கல்லடிப் புழு: ட்ரவுட் மீனுக்கு கேடிஸ் லார்வா ஃபிளை கட்டுவதும் வீசுவதும்

ஆற்றில் இறங்கியதும் தூண்டிலைப் பிரிக்காதீர்கள். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் சலசலத்து ஓடும் இடமாகப் பார்த்து, தேங்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றில் நான் முதல் இரண்டு வருடம் செய்யாமல் விட்டது இதைத்தான். பெட்டி நிறைய அழகழகான ஃபிளைகள், அதாவது முள்ளில் நூலும் ரோமமும் கட்டிச் செய்த போலிப் பூச்சிகள், இருந்தன. எல்லாம் மேல்தண்ணீரிலேயே மிதந்து போயின. மீனோ அடியில் மேய்ந்துகொண்டிருந்தது.

புரட்டிய கல்லின் அடிப்பக்கத்தில், கண் பழகியதும், பச்சையாக ஒன்று நெளியும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், பட்டாணித் தோல் நிறம், முன்னால் ஆறு சின்னக் கால்கள், வால் முனையில் பாறையைப் பற்றிக்கொள்ள இரண்டு கொக்கிகள். கேடிஸ் என்ற பூச்சியின் லார்வா அது. வளர்ந்து இறக்கை முளைத்தால் சாம்பல் நிறத்தில் அந்துப்பூச்சி போலப் பறக்கும். அந்தப் பறக்கும் வாழ்க்கை சில நாள், மிஞ்சினால் சில வாரம். அதற்கு முந்தைய பல மாதங்களை அது கல்லடியில் புழுவாகத்தான் கழிக்கிறது. ட்ரவுட்டுக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் சாப்பாடு எது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி அந்தப் பச்சைப் புழுவை ஒரு முள்ளில் கட்டுவது பற்றியும், கட்டியதை ஆற்றின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றியும். இரண்டாவது வேலைதான் கஷ்டம். முதல் வேலையையே இரண்டாவதை மனதில் வைத்துத்தான் செய்யவேண்டும். நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் மீன் மன்னித்துவிடும், எடை குறைந்தால் மன்னிக்காது.

எந்தப் புழு?

மே ஈ, ஸ்டோன் ஈ போன்றவற்றின் இளம் பருவத்தை நிம்ஃப் என்பார்கள். அவை கூட்டுப்புழுப் பருவம் இல்லாமல் நேராகப் பூச்சியாகிவிடும். கேடிஸ் அப்படியல்ல. வண்ணத்துப்பூச்சியைப் போல முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு பருவமும் உண்டு. அதனால்தான் இதை லார்வா என்கிறோம்.

இமயமலை ஆறுகளில் கல்லைப் புரட்டினால் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். ரியாகோஃபிலா என்பது மேலே சொன்ன பச்சைக்காரன். கூடு கட்டாமல், வலை பின்னாமல், மற்ற பூச்சிகளை வேட்டையாடித் திரியும். ஹைட்ரோசைக்கி கற்களுக்கு இடையே பட்டு வலை விரித்து, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும். பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்த நிறம், வயிற்றுக்குக் கீழே வெளிறிய பஞ்சு போலச் செவுள் இழைகள். மூன்றாவது வகை சிறு கற்களைப் பட்டு நூலால் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழ்வது. மீன் அதை வீட்டோடு விழுங்கும்.

முதல் இரண்டையும் பிரித்தறிய நிறத்தை நம்பவேண்டாம். தலைக்குப் பின்னால் இருக்கும் மூன்று கண்டங்களைப் பாருங்கள். முதல் கண்டத்தில் மட்டும் கருத்த ஓடு இருந்தால் ரியாகோஃபிலா. மூன்றிலும் இருந்தால் ஹைட்ரோசைக்கி. ஃபிளையில் கருப்புப் பகுதியை எவ்வளவு நீளம் வைப்பது என்பது இதைப் பொறுத்தது.

ஸ்டெனோசைக்கி என்ற பெரிய வகையும் ஆசிய மலையாறுகளில் உண்டு, விரல் நீளம் வரை வளரும். ஜப்பானின் நகானோ பகுதியில் இதைப் பிடித்து சோயா சாஸில் வேகவைத்து மனிதர்களே சாப்பிடுகிறார்கள். ட்ரவுட்டைக் குறை சொல்வதற்கில்லை.

தேவையான பொருட்கள்

தண்டு வளைந்த முள், 12 அல்லது 14 எண் (எண் கூடினால் முள் சிறிது). நேரான தண்டும் மீன் பிடிக்கும், ஆனால் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படும் புழு உடலை வளைத்துக்கொள்ளும் என்பதால் வளைந்தது பொருத்தம்.

டங்ஸ்டன் மணி. 12 முள்ளுக்கு 3.3 மி.மீ., 14க்கு 2.8 மி.மீ. பித்தளை மணி மலிவு, ஆனால் அதே அளவு டங்ஸ்டன் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனம். ஈயத்தைவிடவும் கனம். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம் என்றால் அது இதுதான்.

0.4 மி.மீ. ஈயக் கம்பி, மெல்லிய கட்டு நூல், வரி போடுவதற்குச் செம்புக் கம்பி. பழைய இயர்போன் ஒயரை உரித்தால் முடி போன்ற செம்பு இழைகள் கிடைக்கும், அதுவே போதும். முதுகுத் தோலுக்கு மருத்துவர்கள் போடும் லேடெக்ஸ் கையுறையை 3 மி.மீ. அகலத்தில் பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் இதற்கென்றே விற்பதை வாங்கலாம், நான் வாங்கியதில்லை.

உடலுக்கு ரோமம். இதற்கு இந்தத் தொழிலில் டப்பிங் என்று பெயர். (முதல்முறை கேட்டபோது சினிமா ஞாபகம்தான் வந்தது.) முயல் ரோமம் சிறந்தது. குலு பக்கம் போனால் சால்வை நெய்கிற வீடுகளில் அறுத்துப்போட்ட கம்பளி நூல் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். கிளிப்பச்சையும் ஆலிவும் கலந்து கத்தரியால் பொடியாக வெட்டி, தேய்த்துப் பிரித்தால் அருமையான டப்பிங். எனக்கு அதில் ஒரு கைப்பிடி இன்னும் தீரவில்லை.

முள்ளைப் பிடிக்க வைஸ், நூல் பிடிக்க பாபின், கூர்மையான சின்னக் கத்தரி, கருப்பு மார்க்கர் பேனா, நிறமில்லாத நகப்பூச்சு. இவ்வளவுதான்.

கட்டும் முறை

1. குறடால் முள்ளின் எதிர்ச்செதிலை, அதாவது கூர்முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை, அழுத்தி நசுக்குங்கள். கட்டி முடித்தபின் நசுக்கப் போய் முள் உடைந்தால் அரைமணி நேர வேலை வீண். முதலிலேயே செய்தால் மணியும் எளிதாக ஏறும்.

2. மணியில் ஒரு பக்கத் துளை சிறிது, மறுபக்கம் பெரிது. சிறிய துளை முள்ளின் காதைப் பார்த்து இருக்கும்படி கோர்த்துத் தள்ளி, முள்ளை வைஸில் மாட்டுங்கள்.

3. ஈயக் கம்பியைத் தண்டில் எட்டு முதல் பத்து சுற்று சுற்றி, மணியின் பெரிய துளைக்குள் நெருக்கித் தள்ளுங்கள். மணி ஆடாமல் நின்றுவிடும். ஈயம் தொட்ட கையால் எதையும் சாப்பிடாதீர்கள், கம்பியைப் பல்லால் கடித்து அறுக்கவே கூடாது.

4. ஈயத்துக்குப் பின்னால் நூலைக் கட்டி, அதன்மேல் முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். ஈயம் முடிகிற இடத்தில் படிக்கட்டு போல மேடு தெரியும். நூலால் அதைச் சரிவாக்கிவிடுங்கள். இங்கே சோம்பல்பட்டால் உடல் கடைசிவரை முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும்.

5. நூலை முள்ளின் வளைவுவரை கொண்டுபோய், செம்புக் கம்பியை முதலில் கட்டுங்கள். அதன்மேல் கையுறைப் பட்டையின் ஒரு முனையைக் கட்டுங்கள். இரண்டும் பின்பக்கமாகத் தொங்கட்டும்.

6. இனி டப்பிங். விளக்குக்குத் திரி திரிப்போமே, அதே கைவேலைதான். நூலின்மேல் ரோமத்தை வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரே திசையில் உருட்டுங்கள். ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ரோமத்தை அள்ளி வைப்பது. தேவை என்று தோன்றுவதில் பாதியை எடுத்து, அதிலும் பாதியைத் திருப்பி வையுங்கள். நூலின் நிறம் லேசாகத் தெரியவேண்டும். ரோமம் கூடினால் உடல் தடித்துத் தண்ணீரைத் தடுக்கும், ஃபிளை தாமதமாகத்தான் இறங்கும். போட்ட ஈயத்துக்கும் டங்ஸ்டனுக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

7. திரித்த நூலை வளைவிலிருந்து முன்நோக்கிச் சுற்றி வாருங்கள். பின்னால் மெலிந்து, நடுவில் லேசாகப் பருத்து, மணிக்கு 2 மி.மீ. முன்னதாக நிற்கவேண்டும்.

8. அந்த 2 மி.மீ. இடத்தில் கரும்பழுப்பு ரோமம், கொஞ்சம் தளர்வாக. கால்கள் இதிலிருந்துதான் வரும். ஹைட்ரோசைக்கி கட்டுவதானால் இந்தப் பகுதி உடலில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும்.

9. கையுறைப் பட்டையை முதுகின்மேல் இழுத்து, மணிக்குப் பின்னால் நான்கு சுற்றில் கட்டுங்கள். இழுப்பு மிதமாக இருக்கட்டும். ரொம்ப இழுத்தால் பட்டை கயிறு போல ஒடுங்கிவிடும், தளர்ந்தால் பக்கவாட்டில் நழுவும்.

10. செம்புக் கம்பியைச் சம இடைவெளியில் ஏழு அல்லது எட்டு சுற்று முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சுற்றும் முதுகுத் தோலை அழுத்தும்போது கண்டம் கண்டமாகப் பிரிந்து, சட்டென்று அது புழுவாக மாறும். ஃபிளை கட்டுவதில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத நிமிடம் இதுதான். கம்பியை அறுக்கக் கத்தரியைத் தொடவேண்டாம், ஆட்டி ஆட்டித் திருகினால் தானாக ஒடியும்.

11. முடிச்சுப் போட்டு நூலை அறுங்கள். முடிச்சின்மேல் மட்டும் நகப்பூச்சு ஒரு சொட்டு. உடல்மேல் பட்டால் ரோமம் உறைந்துவிடும்.

12. மார்க்கரால் மணிக்கு அடுத்த கண்டத்தின் முதுகைக் கருப்பாக்குங்கள். ஊசி முனையால் வயிற்றுப் பக்கத்துக் கரும்பழுப்பு ரோமத்தைக் கொஞ்சம் நெம்பி வெளியே இழுத்தால் கால்கள் தயார்.

கட்டி முடித்ததை ஒரு உயரமான கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கல் விழுவது போல நேராக அடியில் போய் உட்காரவேண்டும். தயங்கித் தயங்கி, ஆடிக்கொண்டே இறங்கினால் ரோமம் அதிகம். கத்தரியால் ஓரங்களை ஒட்ட வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

ஒரே மாதிரி ஆறு கட்டுங்கள், ஆனால் எடையை மாற்றி: இரண்டில் ஈயமும் மணியும், இரண்டில் மணி மட்டும், இரண்டில் மணியும் இல்லாமல் ஈயம் மட்டும். எது எது என்று பிறகு தெரியாமல் போகும் என்பதால் நூலின் நிறத்தை மாற்றி அடையாளம் வைப்பது நல்லது. நான் கனமானதற்குச் சிவப்பு நூல் வைத்திருக்கிறேன்.

குளத்திலோ அணை நீர்த்தேக்கத்திலோ வீசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கைரோனமிட் என்ற கொசு போன்ற சிறு பூச்சியின், சேற்றில் வாழும் லார்வாதான் முக்கியம். பிராணவாயு குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்க அதன் உடலில் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது, அதனால் சிவப்பு. 14 முள்ளில் சிவப்பு நூலை மட்டும் சுற்றி, மேலே மெல்லிய செம்புக் கம்பி வரி போட்டால் அது முடிந்தது. ரோமமே வேண்டாம்.

தூண்டில் அமைப்பு

10 அடி நீளம், 3ஆம் எண் கோல் (எண் குறைந்தால் கோல் லேசு) இருந்தால் சுகம். 9 அடி, 5ஆம் எண் கோல்தான் இருக்கிறது என்றால் அதுவும் சரி, கை கொஞ்சம் சீக்கிரம் வலிக்கும்.

கோல் நீளத்துக்குச் சமமான நைலான் லீடர், அதாவது பிரதான நூலின் முனையில் கட்டும் நரம்பு. அதன் முனையில் ஓர் அடி நீளத்துக்குப் பளிச்சென்ற இரண்டு நிற நரம்பு. இதைச் சைட்டர் என்பார்கள், தக்கைக்குப் பதில் இதைத்தான் கண்ணால் பின்தொடரப் போகிறோம். அதற்குக் கீழே 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மி.மீ. தடிமன் உள்ள டிப்பெட் நரம்பு, நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழத்தைவிட ஓர் அடி கூடுதலாக. முனையில் ஃபிளை. பழகியவர்கள் ஒன்றரை அடி மேலே இன்னொரு ஃபிளையும் கட்டுவார்கள். முதல் சில மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஃபிளை சிக்கிக்கொண்டால் பிரிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் ஈரமாக்குங்கள். உலர்ந்த நரம்பை இழுத்தால் சூட்டில் பலம் போய்விடும்.

எங்கே நிற்பது, எப்படி வீசுவது

தீர்த்தன் ஆறு லார்ஜியில் பியாஸோடு சேரும்வரை பெரும்பாலும் பாறையும் சரிவுமாகவே ஓடுகிறது. 1909 வாக்கில் ஹாவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குலு பகுதியில் பிரவுன் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டதன் வாரிசுகள்தான் இங்கே இருப்பவை. கடுகடுத்த ஓட்டத்துக்கு நடுவே மீன் நிற்காது, அதற்கும் தெம்பு மிச்சமாகவேண்டுமே. பெரிய பாறையின் முன்புறத்து மெத்தை போன்ற இடம், பின்புறத்து நிழல், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோடு, சலசலப்பு முடிந்து மடு ஆரம்பிக்கும் விளிம்பு, இவைதான் வீசவேண்டிய இடங்கள். விளிம்பை முதலில் முயலுங்கள். அடித்து வரும் புழு அங்கேதான் வந்து விழும்.

கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே வீசுங்கள். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும், அதன் முதுகுப் பக்கம் நாம். நான்கைந்து மீட்டர் தூரத்துக்கு, சற்றே மேலாற்றை நோக்கிச் சாய்வாக ஃபிளையைப் போடுங்கள். நீளமாக வீசிக் காட்டும் வித்தைக்கு இதில் வேலையே இல்லை. ஃபிளை விழுந்ததும் கோல் முனையை உயர்த்தி, சைட்டர் தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். லீடரும் சைட்டரும் காற்றில், மெல்லிய டிப்பெட் மட்டும் தண்ணீருக்குள்.

கவனிக்கவேண்டிய விஷயம் இதோ. ஆற்றின் மேல்மட்டம் வேகமாக ஓடும், அடிமட்டம் பாறைகளில் உரசுவதால் மெதுவாக ஓடும். ஆகவே உங்கள் ஃபிளை உண்மையில் அடியில் இருந்தால், சைட்டர் மேலே போகிற நுரையைவிட மெதுவாக நகரவேண்டும். நுரைக்குமிழி ஒன்றைக் குறிவைத்துப் பாருங்கள். அது சைட்டரை முந்திக்கொண்டு போனால் சரியான ஆழம். இரண்டும் சேர்ந்தே போனால் ஃபிளை நடுத்தண்ணீரில் மிதக்கிறது, அடுத்த கனமான ஃபிளையை மாற்றுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் மாட்டினால் கனம் அதிகம். நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை லேசாகத் தட்டிவிட்டுப் போனால் அளவு பொருத்தம். என் முதல் இரண்டு வருடத்து ஏமாற்றத்துக்குக் காரணம் இந்த நுரைக்குமிழியைப் பார்க்காததுதான் என்று இப்போது தெரிகிறது.

கோல் முனை ஃபிளையை இழுக்கக் கூடாது, அதோடு கூடவே நடக்கவேண்டும். குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல: விட்டுவிடவும் கூடாது, இழுத்துக்கொண்டு ஓடவும் கூடாது.

ட்ரவுட் புழுவை வாயில் வாங்கி, பிடிக்காவிட்டால் ஒரு நொடிக்குள் துப்பிவிடும். மண்புழு போட்டுக் கெண்டை பிடித்துப் பழகியவர்கள் தக்கை அமுங்கும்வரை காத்திருப்பார்கள். இங்கே அமுங்காது. சைட்டர் ஒரு கணம் நிற்கும், அல்லது துடிக்கும், அல்லது சம்பந்தமில்லாமல் ஓரமாக நகரும். எதுவானாலும் உடனே மணிக்கட்டால் ஒரு சாண் அளவு கீழாற்றுப் பக்கமாகச் சுண்டுங்கள். பாதிக்கு மேல் கல்லாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஒன்றும் நடக்காமல் ஃபிளை உங்களைத் தாண்டிக் கீழே போய்விட்டால் சட்டென்று தூக்காதீர்கள். கோலை மெதுவாக உயர்த்தி, ஃபிளையை அடியிலிருந்து மேலே ஏற விடுங்கள். கூட்டுப்புழுப் பருவம் முடிந்த கேடிஸ் இப்படித்தான் மேலே நீந்திப் போகும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் இந்த உயர்த்தலுக்குப் பேர்போனவர். நூலே இல்லாமல் செம்புக் கம்பியையே நூலாக வைத்து ஃபிளை கட்டியவரும் அவர்தான். சும்மா பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்த மீன், இரை தப்பிக்கிறது என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். அந்தக் கடி கோல் வழியாகக் கையிலேயே தெரியும்.

ஒரே இடத்தில் எட்டுப் பத்து வீச்சு போதும். இரண்டடி மேலே நகருங்கள்.

காலமும் நேரமும்

இமாச்சலத்தில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய ட்ரவுட் பிடிக்கத் தடை, அது முட்டையிடும் காலம். மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தெளிவு. மே, ஜூனில் பனி உருகி மதியத்துக்கு மேல் கலங்கும், அப்போது காலையில் மட்டும் போங்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆற்றுப் பக்கமே போகவேண்டாம். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எனக்குப் பிடித்தது. மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு கட்டாயம். அதில் எழுதியிருக்கும் அளவையும் எண்ணிக்கையையும் படித்துவிட்டு இறங்குங்கள். மேலே இமயமலைப் பெரும் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது.

நாளில் சிறந்த நேரம் பொழுது சாயும் நேரமும் விடிகிற நேரமும். அந்த மங்கலில்தான் புழுக்கள் கல்லை விட்டுவிட்டு ஓட்டத்தில் இடம் மாறுகின்றன. தண்ணீர் வெப்பம் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் மீன் நன்றாக மேயும்.

வழுக்குப் பாறையில் ஊன்ற ஒரு கம்பு அவசியம். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினால் மேலே எங்கோ மழை, அந்த வீச்சையே முடிக்காமல் கரை ஏறுங்கள். விடப்போகிற மீனைத் தொடும்முன் கையை நனைத்துக்கொண்டு, அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். எதிர்ச்செதில் இல்லாததால் திருப்பினாலே வந்துவிடும். புரட்டிய கற்களையும் எடுத்த மாதிரியே திருப்பி வையுங்கள், ஈரம் காய்ந்தால் புழுக்கள் செத்துப்போகும்.

அறைக்கு வந்ததும் ஃபிளைப் பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே வாரத்தில் முள்ளெல்லாம் துரு, அந்தத் துரு பச்சை ரோமத்திலும் ஏறும். நான் அப்படி ஒரு பெட்டியையே இழந்திருக்கிறேன். துருப்பிடித்ததில் மணி மட்டும் கெடாது. பிளேடால் நூலை அறுத்து மணிகளைக் கழற்றி எடுத்து, அடுத்த ஆறு ஃபிளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.